மூன்றாவது துண்டு

பதினெட்டு கிலோமீட்டர்.
கடைசி நான்கு, நெற்றி விளக்கை நம்பி.
பனிச்சறுக்குக் கட்டைகளைச் சுவரில் சாய்த்துவிட்டுக்
கதவை இழுத்தேன்.
லாப்லாந்தின் இந்தக் குடில்களுக்குப் பூட்டு கிடையாது.
காற்று திறந்துவிடாதிருக்க ஒரு மரக்கொண்டி,
அவ்வளவுதான்.

வெளியே எவ்வளவோ உள்ளேயும் அவ்வளவு குளிர்.
மேசையில் பாதி மெழுகுவத்தி,
டப்பாவில் உப்பு,
எலி படித்து முடித்த ஒரு வார இதழ்.
அடுப்பருகே, வழக்கப்படி,
முன்பு தங்கியவர் வைத்துப்போன விறகு:
சுருண்ட பிர்ச் பட்டை, கைப்பிடிச் சுள்ளி,
மடியளவு பிளவுகள்.
கையுறையோடே தீக்குச்சி கிழித்தேன்.

பட்டை பற்றி, சுள்ளி பற்றி,
முதல் பிளவை எடுத்தபோதுதான் பார்த்தேன்.
ஒரு பக்கம் தடித்து,
மறுபக்கம் விரலாய் மெலிந்து,
இடக்கைக்காரனின் கோடாரி போன வழி.
வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்பார்கள்.
தாவெத்தியின் வெட்டில் எப்போதும் மூன்று:
பெரியது, சிறியது,
எதற்கும் ஆகாத ஒரு சீவல்.
பதினோரு குளிர்காலம்
கொட்டகைத் தரையிலிருந்து அந்தச் சீவல்களைக்
கூட்டி அள்ளியவள் நான்.

குறிப்பேட்டைத் திறக்க வேண்டியதில்லை.
திறந்தேன்.
நூலில் கட்டிய பென்சிலால், அழுத்தி,
போன செவ்வாய்க்கிழமை:
'ஒருவன். தெற்கிலிருந்து.
எலி உண்டு. ரொட்டியைத் தொங்கவிடவும்.'

ஒருவன்.
நார்வேக்காரி ஒருத்தியோடு என்றல்லவா
அக்கா சொன்னாள்.

இந்த விறகை எரிப்பதில்லை என்று
ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
ரோஷத்துக்கு அது தெரியாது,
கால்விரலுக்குத் தெரியும்.
எரித்தேன். நன்றாகவே எரிந்தது.
சீவல்களை மட்டும் ஒதுக்கி
மூலையில் தள்ளினேன், பழக்கதோஷம்.
கெட்டிலில் பனியை உருக்கி
சூப் பொட்டலத்தைக் கரைத்துக் குடித்தேன்.
அடுப்போரமாய்ப் பலகை மேடையில்
அகலமாய்ப் படுத்தேன்,
பாதிப் படுக்கை பழகிப்போன ஒருத்திக்கு
இன்னும் கூச்சம் தரும் அகலம்.

நள்ளிரவு தாண்டிக் கதவு இடித்தது.
புருவமெல்லாம் உறைபனியாய் ஒரு பெண்,
பின்னால் ஒரு நாய்.
ஹில்க்கா, கலைமான் மருத்துவர்.
நாயின் பெயர் நொக்கி.
எங்கள் மொழியில் அடுப்புக்கரி;
நாயோ பால்வெள்ளை.

இங்கே ஒரு சட்டம், எழுதாத சட்டம்:
கடைசியாய் வருபவருக்கே முதல் உரிமை.
முன்னால் வந்தவர் சூடேறியிருப்பார்,
இளைப்பாறியிருப்பார்,
நகர வேண்டியவர் அவர்.
நகர்ந்தேன், குளிர்ந்த சுவர்ப்பக்கம்.
நான் விட்ட வெதுவெதுப்பில்
முதலில் நாய் படுத்தது.

தணல் மட்டும் மிச்சம்.
ஹில்க்கா மூலையைத் துழாவி
சீவல்களை அள்ளி வைத்து
இரண்டே ஊது ஊதினாள்.
குப்பென்று எழுந்தது.
'வெட்டிய ஆள் விவரமானவன்,' என்றாள்,
'பின்னால் வருகிறவன்
விரல் விறைத்து வருவான் என்று தெரிந்திருக்கிறது.'

நான் ஒன்றும் சொல்லவில்லை.
விவரமில்லை அம்மா, கைக்கோணல்,
என்று நாக்கு நுனிவரை வந்தது.
அவள் குறட்டை அதற்குள் தொடங்கிவிட்டது.
விழித்துக் கிடந்தேன்,
குறட்டையால் என்று சொல்லிக்கொள்ளலாம்.

காலை பத்தரைக்கு நீலமாய் ஒரு வெளிச்சம்.
ஹில்க்கா வடக்கே போய்விட்டாள்.
எடுத்த விறகுக்கு ஈடாய் விறகு:
கொட்டகையில் கோடாரி கூர்மையாயிருந்தது.
வாகான கட்டையை நிறுத்தி ஓங்கினேன்.
இரண்டு.
கோடாரியைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தேன்.
இரண்டு.
இடக்கைக்கு மாற்றினேன்,
கட்டை உருண்டு பனியில் புதைந்தது,
நல்லவேளை, பார்க்க யாருமில்லை.
கடைசியில் கத்தியை எடுத்து
உட்கார்ந்து ஒவ்வொன்றாய்ச் சீவினேன்,
ஒரு கைப்பிடி.

மூட்டை கட்டும்போதுதான் தெரிந்தது,
ரொட்டியைத் தொங்கவிட மறந்திருக்கிறேன்.
பையில் எலிப்பல் அளவில் ஓட்டை,
உள்ளே தூள்.

குறிப்பேட்டில் அவன் வரிக்குக் கீழே
தேதி போட்டேன். பென்சில் மொண்ணை.
'இருவர், நாய் ஒன்று.
காற்று வடமேற்கு.
எலி உண்டு' என்று எழுதி,
ரொட்டியை நினைத்து,
'விட்டது' என்று சேர்த்தேன்.